கதவிலிருந்து சமையலறைவரை ஓடும் விளக்கு

எதிர்வீட்டுக் காக்கிமா தொலைபேசியில் அழைத்தபோது நான் செக்டர் ஃபைவில் என் அலுவலகத்தில் இருந்தேன். அண்டை வீட்டுப் பெண்களைச் சித்தி முறை வைத்துக் காக்கிமா என்று கூப்பிடுவது கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த எனக்குப் பழக்கம். "உன் அம்மா கதவைத் திறக்கலை," என்றார் பெங்காலியில். "பெல்லை அழுத்தி அழுத்தி விரல் வலிக்குது. செருப்பு வெளியே கிடக்கு. ஆள் உள்ளேதான் இருக்கா."

அம்மாவின் கைபேசியை யாரும் எடுக்கவில்லை. டாக்ஸி டாலிகஞ்ச் வந்து சேரும்வரை எனக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறை ஈரம். ரத்த அழுத்த மாத்திரை. கேஸ். பால்கனி நிலைப்படி. பதற்றம் வந்தால் எதையும் வரிசைப்படுத்திக்கொள்வது என் பழக்கம். அன்று பட்டியல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. சிக்னலில் வண்டி நின்றபோது கதவைத் திறந்து இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வீடு இன்னும் பல மைல் இருந்தது.

என் சாவியால் கதவைத் திறந்தேன். அம்மா பின்பக்கப் பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னட்டி இந்நேரத்துல? ஆபீஸ்ல கரண்டு இல்லையா?"

என் பின்னாலேயே வந்த காக்கிமா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். அம்மாவை அவர் அக்கா முறை வைத்துத் திதி என்றுதான் கூப்பிடுவார். "நேத்து மோட்டார் விஷயத்துல நான் ரெண்டு வார்த்தை கூடப் பேசிட்டேன். திதி அந்தக் கோபத்துல திறக்கலைன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு."

அதை நான் அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று உரக்கச் சொன்னேன். அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"கோவம்னா கதவத் தொறந்து வச்சு நேருக்கு நேரா திட்டுவேம்லா. தொறக்காம இருக்கது எனக்குப் பழக்கமில்லன்னு அவகிட்டச் சொல்லு."

அம்மாவுக்குக் காது சில வருஷங்களாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. காதில் மாட்டும் கருவி இருக்கிறது. வெளியே போகும்போது மாட்டிக்கொள்வாள். வீட்டுக்குள் வந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். மாட்டிக்கொண்டால் குழாய்த் தண்ணீர் லாரி மாதிரி கேட்கிறதாம், குக்கர் விசில் பல்லில் கூசுகிறதாம். முகம் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள். அழைப்பு மணிக்கு முகம் கிடையாது.

எங்கள் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் அம்மாவின் பொறுப்பில் இருந்தது. கீழே இருக்கும் சுவிட்சுப் பெட்டியின் சாவி அவளிடம். எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது, யார் வீட்டுத் தொட்டி வழிகிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். துறைமுக வேலைக்காக இந்த ஊருக்கு வந்த அப்பா இறந்த பிறகு, மத்திய அரசு அலுவலகத்திலிருந்து தானும் ஓய்வு பெற்ற பிறகு, அவள் தானாகவே எடுத்துக்கொண்ட பதவி அது. ஆக நாள் முழுக்க யாராவது எங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத்தான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. ரயில் பெட்டிகளுக்கான மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவு. படித்ததற்குப் பொருத்தமான முதல் வேலை. அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீயும் வா," என்றேன்.

"புனேல போயி நான் யாருகூடச் சண்ட போடுதது?" என்றாள் அம்மா.

சிரிப்பாகச் சொன்னாலும் அது உண்மையான காரணம்தான். இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு படியிலும் அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. புனேயில் அவள் யாரோ ஒரு பெண்ணின் அம்மாவாக மட்டும் இருப்பாள். அது எனக்கும் தெரியும். ஆனால் கதவைத் திறக்காத வீட்டில் அவளை விட்டுவிட்டுப் போய் அங்கே என்னால் ஒரு வேலையையும் பார்க்க முடியாது. அதைச் சொன்னேன். மணி அடிப்பது தெரிய ஒரு வழி செய்வேன், அது சரிப்பட்டால் நீ இங்கே இரு, சரிப்படாவிட்டால் என்னோடு வா என்றேன்.

"யாரு சரிபாக்கது?"

"நான்தான்."

"அப்ப நீயே கேள்வித்தாளு, நீயே வாத்தியாரு," என்றாள்.

முதலில் கடையில் கிடைப்பதைத்தான் வாங்கினேன். மணி அடித்தால் பளிச் பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் அடிக்கும் சாதனம். முதல் நாள் அம்மா அதை மின்னல் என்று நினைத்துக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். மறுநாள் வோல்ட்டேஜ் ஏறி இறங்குகிறது என்று ஃபிரிட்ஜை அணைத்தாள். அதற்கடுத்த நாள் கைபேசிக்குச் சார்ஜ் போட வேண்டியிருந்ததால் அதையே பிடுங்கி வைத்துவிட்டாள்.

எங்கே தவறு என்று உட்கார்ந்து யோசித்தேன். வெறும் மினுக்கலுக்கு இந்த வீட்டில் நூறு அர்த்தம் உண்டு. ஆனால் ஒன்று நகர்ந்தால், அதுவும் ஒரே திசையில் நகர்ந்தால், கண் தானாகத் திரும்பும். வேலை செய்துகொண்டிருக்கும்போது ஓரக்கண்ணில் பல்லி நிற்பது தெரியாது, ஓடினால் தெரியும். ஆகவே ஓடும் விளக்கு. வாசல் கதவிலிருந்து கூடத்துச் சுவர் வழியாகச் சமையலறைவரை பத்து எல்இடி விளக்குகள். ஒன்று அணைய அடுத்தது எரியும்.

கல்லூரியில் முதல் வருஷம் எல்லோரும் பொழுதுபோக்காகச் செய்து பார்க்கும் சர்க்யூட்தான். 555 என்ற சிறிய ஐசி, நாடி மாதிரி சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். அதோடு சேரும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் எவ்வளவு பெரியவை என்பதைப் பொறுத்துத் துடிப்பின் வேகம் மாறும். 4017 என்ற இன்னொரு ஐசி அந்தத் துடிப்புகளை எண்ணும். அதற்குப் பத்து வெளிவழிகள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வழியை மூடி அடுத்ததைத் திறக்கும். பத்து முடிந்தால் மறுபடி முதலாவது. யாராவது மணியை அழுத்தினால் அதை நினைவில் வைத்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு ஐசி. கதவு திறந்ததும், நிலையில் பொருத்திய காந்த சுவிட்ச் அந்த நினைவை அழித்துவிடும். திறக்கும்வரை விளக்கு ஓடும். அதுதான் திட்டம்.

சாந்தினி சந்தைக்கு மெட்ரோவில் போனேன். உதிரிபாகக் கடைக்காரர் என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "துர்கா பூஜாவுக்கா திதி? ரெடிமேடா ஓடுற லைட் மாலையே இருக்கே, எதுக்குக் கஷ்டம்?" என்றார்.

"வீட்டு பெல்லுக்கு."

"பெல்லுக்கு லைட் ஓடணுமா?" அருகிலிருந்தவரிடம் திரும்பி, "பந்தலையே வீட்டுக்குள்ள கட்டுறாங்க," என்றார். எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். எண்ணும் ஐசியை மட்டும் அலுமினியத் தாளில் சுற்றித் தந்தார்.

அடுத்த சில வாரங்கள் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமலே மேஜைக்குப் போவேன். சாப்பாட்டுத் தட்டோடு கூடத்தில் நடப்பேன். பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் ஒரு கம்பியை மாற்றுவேன், எழுந்து ஜன்னலுக்குப் போவேன், வருவேன், அதே கம்பியைப் பழைய இடத்திலேயே செருகுவேன். புனேயிலிருந்து ஏதாவது மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருந்தால் திறக்கமாட்டேன்.

விளக்குகளைச் சுவரில் பொருத்தி முதல் தடவை ஓடவிட்டபோது அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். சமையலறையில் தொடங்கி வாசல் கதவுக்கு ஓடும்படி அமைத்திருந்தேன். போய்த் திற என்று வழிகாட்டும் அம்புக்குறி மாதிரி.

"என்னை வீட்ட விட்டு வெரட்டுத மாதிரி இருக்கு," என்றாள்.

"அம்மா, அது வழி காட்டுது."

"எனக்கு வாசல் எங்க இருக்குன்னு தெரியாதா? வந்த ஆளு கதவுகிட்ட நிக்கான். சேதி அங்கேருந்துதான இங்க வரணும்?"

யோசித்தபோது அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. இணைப்புகளைத் தலைகீழாக மாற்றினேன். வெளிச்சம் கதவில் பிறந்து சமையலறையை நோக்கி வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுவும் உன்ன மாதிரியே நிக்காம ஓடுது. பாத்தா மூச்சு வாங்குது."

ரெசிஸ்டரை மாற்றி வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறை என்றாள். எனக்குப் பொறுக்க முடியாத அளவுக்கு மெதுவாக ஆனபோது, "இப்ப மனுசன் நடக்க மாதிரி இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு அது யாரும் அழுத்தாமலே ஓடத் தொடங்கியது. அம்மா கதவைத் திறந்தால் யாரும் இல்லை. படிக்கட்டில் யாராவது போனால் ஓடும், கீழே மோட்டார் நின்றால் ஓடும், சில சமயம் எதுவும் நடக்காமலே ஓடும். "செத்தவங்கல்லாம் வந்து பெல் அடிக்காங்க போல. உங்கப்பாவா இருந்தா உள்ள வரச் சொல்லு," என்றாள். தேடிப் பார்த்தால் அது மாணவிகள் செய்யும் தவறு. நினைவு ஐசியில் எனக்குத் தேவைப்படாத ஒரு கம்பிக் காலை எதனுடனும் இணைக்காமல் விட்டிருந்தேன். அப்படி அந்தரத்தில் விட்ட கால், காற்றில் திரியும் மின்சலனத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு ஆணை வந்ததாக நினைத்துக்கொள்ளும். அதைப் பூமி இணைப்போடு சேர்த்தேன். மின்சாரம் வரும் இடத்தில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்தேன். பேய்கள் நின்றன.

பிறகு சோதனைகள். சோதனையில் நான் கறார். அம்மா ஊகிக்காதபடி, கைபேசியில் ஒரு செயலியைக் குலுக்கல் முறையில் ஒரு நேரத்தை எடுக்கச் சொல்வேன். கடைக்குப் போகிறேன் என்று கீழே இறங்குவேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஏறி வந்து, அந்த நேரம் வரும்வரை கதவுக்கு வெளியே நிற்பேன். பிறகு அழுத்துவேன்.

அம்மா ஒவ்வொரு தடவையும் திறந்தாள். காலையில் திறந்தாள், மாலையில் திறந்தாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூங்கும் நேரத்தில்கூட முடி கலையாமல் வந்து திறந்தாள். பொத்தானிலிருந்து நான் விரலை எடுப்பதற்குள் பூட்டு திறக்கும் ஓசை கேட்டது.

"பாத்தியா. லைட்டு ஓடுச்சு, வந்துட்டேன்," என்பாள்.

இவ்வளவு நன்றாக ஒரு கருவி வேலை செய்து நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு முடிவு வந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பேன். வீட்டில் சந்தோஷப்பட்டேன். புனேக்கு ஒப்புதல் மின்னஞ்சலை எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு சோதனை மிச்சம் இருந்தது. பேய்கள் உண்மையிலேயே போய்விட்டனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு வெளியே வெகுநேரம் நின்று, அழுத்தாமலே இருக்க வேண்டும்.

அப்படி நின்றேன். பொத்தானைச் சுற்றித் தூசி படிந்திருந்தது. சும்மா நிற்க முடியாமல் விரல் நுனியால் அதைத் துடைத்தேன். அழுத்தவில்லை.

கதவு திறந்தது.

"லைட்டு ஓடுச்சே," என்றாள் அம்மா.

பேய் திரும்பி வந்துவிட்டது என்று எண்ணினேன். அன்று மாலையும் மறுநாள் மாலையும் தேடினேன். வயர்களை முறுக்கி மாற்றினேன். நினைவு ஐசியைப் புதிதாக வைத்தேன். பொத்தானிலிருந்து வரும் கம்பிக்குத் தனிக் காப்புறை போட்டேன். பலகையை மேஜையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தேன், விளக்கு தானாக ஒருமுறைகூட ஓடவில்லை. என் கண் முன்னால் ஒழுங்காக இருப்பது, நான் வெளியே போனால் மட்டும் தவறு செய்கிறது. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "போதும்ட்டி. நல்லாத்தான இருக்கு. சும்மா நோண்டாத," என்றாள். வழக்கத்தைவிட அன்பாகச் சொன்னாள்.

பொத்தானில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று கடைசியில் முடிவு செய்தேன். வெளியே நின்று அங்கே மின்னழுத்தத்தை அளந்துவிட்டால் தெரிந்துவிடும். அளக்கும்போது நடுவில் விளக்கு ஓடிக் குழப்பக் கூடாது என்பதற்காக, எண்ணும் ஐசியைப் பலகையிலிருந்து பிடுங்கி, பழைய அலுமினியத் தாளிலேயே சுற்றி, குர்தாப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் பத்து விளக்கில் ஒன்றுகூட எரியாது. அம்மாவிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பொத்தானின் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் உள்ளே வைத்தேன்.

கதவு திறந்தது.

"வந்துட்டியா? லைட்டு நல்லா ஓடுச்சு."

நான் மல்டிமீட்டரைக் கீழே இறக்கினேன். அம்மாவைத் தாண்டிக் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். விளக்குகள் இருட்டாக இருந்தன. பையிலிருந்து அலுமினியப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பதினாறு காலுள்ள ஒரு கறுப்புப் பூச்சி மாதிரி அது கிடந்தது.

"அம்மா, இது இல்லாம லைட் ஓடாது."

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கதவில் கண் உயரத்தில் பதித்திருந்த சின்னக் கண்ணாடித் துளையை, தெரியாமல் செய்வதுபோல், முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

"இதுக்குள்ளேருந்து பாத்தா நீ நல்லாத் தெரியுத," என்றாள்.

நான் கீழே இறங்கிய உடனே அவள் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாளாம். கண்ணைத் துளையில் வைத்துக்கொண்டு. நான் செருப்பைக் கையில் பிடித்து ஏறி வருவது, சுவரில் சாய்ந்து கைபேசியைப் பார்ப்பது, மூக்கைச் சொறிவது எல்லாம் பார்த்திருக்கிறாள். என் கை பொத்தானை நோக்கி வந்ததும் பூட்டைத் திருகுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியமும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். முழங்கால் வலியோடு.

"ஏன்மா?"

"ஏன்னா கேக்க? பெயிலானா மூட்டயக் கட்டணும்லா."

"அப்ப லைட் உனக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியுது. கிச்சன்ல நின்னு வாசலப் பாத்தா தெரியுது. அடுப்பப் பாத்து நின்னா பாதி நேரம் தெரியுது. பால்கனில இருந்தா எங்கன தெரியும்? நான் நாள் பூரா பால்கனிலதான இருக்கேன். நீ என்னையக் கேட்டியா, அம்மா நீ எங்கன இருப்பன்னு? நீயாப் பட்டியல் போட்ட, நீயாச் சொவத்துல ஆணி அடிச்ச."

நான் கேட்கவில்லைதான். சமையலறை, கூடம், படுக்கையறை என்று நானே எழுதிக்கொண்டேன். நான் வீட்டில் இருக்கும் நேரங்களில் அவள் அங்கேதான் இருந்தாள்.

கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள்.

"நடக்காத. எனக்குக் கண்ணக் கட்டுது. உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் முகத்துக்கு நேராக.

"தெரிஞ்ச நேரமெல்லாம் தெரிஞ்சிது," என்றாள். "தெரியாத நேரம் எத்தன தடவன்னு எனக்கே எப்படித் தெரியும்? தெரியாதது தெரியாதுலா. அதான் பயந்துட்டேன். ஒரு தடவ தப்புனா நீ உடனே டிக்கெட் போட்டுருவ."

"ஒரு தடவைக்கெல்லாம் போடமாட்டேன்."

"அப்ப பாஸ் மார்க் எவ்வளவு? மொதல்ல அதச் சொல்லு."

யாரிடமும் சொல்லாவிட்டாலும் மனதில் நான் வைத்திருந்தது நூற்றுக்கு நூறு. எந்தக் கருவிக்கும் நான் அப்படி வைத்ததில்லை. தவறும் என்று தெரிந்துதான் கருவிகளை அமைக்கிறோம், தவறினால் அடுத்து என்ன என்பதையும் கூடவே எழுதுகிறோம். அம்மாவின் காரியத்தில் மட்டும் அந்த இரண்டாம் பாதியை எழுதவே இல்லை. அதைச் சொன்னேன். நீ திறக்காத அன்றைக்கு யாராவது திறந்து பார்க்க வேண்டும், நம் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும் என்றேன்.

"அவகிட்டயா?"

"அவங்ககிட்டதான்."

"மோட்டார் சாவி கேட்டுத்தான் அவ சண்டைக்கு வாரா. இப்ப வீட்டுச் சாவியே குடுக்கணுமா?"

"மோட்டார் சாவியைக் குடுக்க வேண்டாம்."

அம்மா மறுபடி முழங்காலைத் தடவத் தொடங்கினாள். நான் எழுந்து நடக்காமலிருக்க நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"புனேக்கு வந்தா இவ தொல்ல இருக்காது," என்றாள் கடைசியில். பிறகு அவளாகவே, "சரி, குடுப்போம்," என்றாள்.

மறுநாளே மூன்று வேலைகளைச் செய்தேன். இம்முறை அம்மா சொல்லச் சொல்ல. பால்கனியில் முக்காலிக்கு எதிரே இருக்கும் பக்கச்சுவரில், அவள் உட்கார்ந்து பின்தெருவைப் பார்த்தால் பார்வையில் படும் உயரத்தில், இரண்டாவதாக ஒரு வரிசை விளக்கு, அதே ஐசியிலிருந்து. சிவப்பு விளக்குகளை எடுத்துவிட்டு மஞ்சள். சிவப்பு அவள் கண்ணுக்கு மங்கலாக இருந்ததாம், சொன்னால் மதிப்பெண் குறையும் என்று சொல்லவில்லையாம். மூன்றாவது, அடுப்புக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி. பின்னால் ஓடும் விளக்கு அதில் தெரியும். அது அவள் யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது.

கதவுத் துளையில் நான் ஸ்டிக்கர் ஒட்டப் போனபோது, "அது எதுக்கு?" என்றாள். "கள்ளன் வந்தா பாக்க வேண்டாமா? நான் இனிமே பாக்க மாட்டேன்னா பாக்க மாட்டேன்." ஸ்டிக்கரைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

சோதனையை இனி நான் நடத்தக் கூடாது என்பது அவள் நிபந்தனை. நான் இறங்கினாலே அவளுக்குக் கால் தானாகக் கதவுக்குப் போய்விடுகிறதாம். ஆகவே காக்கிமாவிடம் சாவியைக் கொடுக்கப் போனபோது அதையும் கேட்டோம். நேரம் சொல்லாமல், தோன்றும்போது வந்து மணி அடிக்க வேண்டும்.

"எத்தனை தடவை?" என்றார் காக்கிமா.

"உங்க இஷ்டம்."

"திறக்கலைன்னா நானே திறந்து உள்ள வரலாமா?"

அம்மா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "கொஞ்ச நேரம் நின்னுட்டு வா," என்றாள் பெங்காலியில். "உடனே வராதே. எனக்கு எழுந்திருக்க நேரம் வேணும்."

அவர் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். இருந்தேன் என்று சொல்வது தவறு, காத்திருந்தேன். எதிர்வீட்டில் கதவு சாத்தும் ஓசை கேட்டால் என் முதுகு நிமிரும். செய்தித்தாளை விரித்து ஒரே வரியைப் படிப்பேன். அம்மா இயல்பாக இருந்தாள். சமைத்தாள், கீழே போய் மோட்டாரைப் போட்டாள், வந்து பால்கனியில் முக்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை, வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்த நேரத்தில், மணி அடித்தது.

நான் கூடத்தில் இருந்தேன். கதவு எனக்கு எட்டடிகூட இல்லை. சுவரில் முதல் விளக்கு எரிந்தது, அணைந்தது, இரண்டாவது எரிந்தது. அம்மா சொன்ன வேகத்தில், மனிதர் நடக்கிற வேகத்தில், மஞ்சள் வெளிச்சம் கூடத்தைக் கடந்து போனது. அங்கிருந்து பால்கனி தெரிந்தது. அங்கேயும் அது ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே யாரையோ தண்ணீர் விஷயமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு.

மணி மறுபடி அடித்தது. எழுந்து போய் அவள் தோளைத் தொட்டால் போதும். அல்லது கதவைத் திறந்துவிட்டால் போதும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். விளக்கு பத்துவரை போய் மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடி வந்தது. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிட்டால் கேட்காது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளியே சாவிக்கொத்து குலுங்கும் ஓசை லேசாகக் கேட்டது. காக்கிமா சாவியை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அம்மா கீழே இருந்தவரிடம் சொல்ல வேண்டிய கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். முக்காலியில் உட்காரத் திரும்பினாள். எதிர்ச்சுவரைப் பார்த்தாள். கொஞ்சம் நின்றாள், விளக்கு முழுவதும் ஒரு சுற்று ஓடுவதைப் பார்ப்பதுபோல.

"வாரேன், வாரேன்," என்றாள் விளக்கிடம்.

அவசரப்படவில்லை. புடவையை உதறினாள், பால்கனி நிலைப்படியில் கவனமாகக் கால் வைத்து இறங்கினாள், கூடத்தைக் கடந்து வந்தாள். என்னைத் தாண்டும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் எழவில்லை. கதவைத் திறந்தாள். பூட்டுத் துளைக்குச் சாவியை நீட்டியபடியே காக்கிமா நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரம் திதி," என்றார். "நான் உள்ள வரலாம்னு இருந்தேன்."

"அதான் வந்துட்டேனே," என்றாள் அம்மா பெங்காலியில். "மோட்டார் இன்னும் ஓடுது, உன் தொட்டி வழியப் போகுது. அதைப் பாரு முதல்ல."

அவர்கள் வாசலிலேயே நின்று அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் உரக்க. நான் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தேன். விரல்கள் மரத்திருந்தன. கைபேசியைத் திறந்து, புனேக்கு எழுதி வைத்திருந்த ஒப்புதல் மின்னஞ்சலை இன்னொரு முறை படிக்காமல் அனுப்பினேன்.